ஆளுநர்க்குப் படியளப்பவர் யார்?

ஆளுநர் வேண்டுமா, வேண்டாவா என்னும் பேச்சு தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகின்றது. ஆட்டுத் தாடியோடு அப்பதவியை ஒப்பிட்டு அண்ணா சொன்னதை நினைத்து நினைத்துச் சிரிப்பதும், அடுத்த ஆளுநர் வந்திறங்கும்போது மாலையோடு போய் வரிசையில் நிற்பதும் நம் வழக்கமாகிவிட்டன. அவ்வொப்புமையில் ஒன்று மட்டும் பொருந்தவில்லை. ஆட்டின் தாடி ஆட்டுக்கு ஒரு செலவும் வைப்பதில்லை. இத்தாடிக்கோ நாம் திங்கள்தோறும் 3,50,000 உருபா படியளக்கின்றோம். மாளிகையும் ஏவலரும் ஊர்தியும் அதற்கு மேல். அளப்பது தமிழ்நாட்டுக் கருவூலம். ஆனால் அதனைக் குறைக்கவோ கூட்டவோ நிறுத்தவோ தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்கு ஒரு துளியும் உரிமை இல்லை.

இவ்வுரிமை இல்லாமற் போனதை நம்முள் பலர் ஒரு குறையாகவே உணரவில்லை. சம்பளந்தானே, அதிலென்ன என்கின்றனர். அதில் என்ன இருக்கின்றது என்பதை அறிய வேண்டுமானால் அமெரிக்கக் குடியேற்றங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஆங்கில வேந்தன் அமர்த்திய ஆளுநர் ஒரு புறமும் குடிகள் தேர்ந்த பேராளர் அவை ஒரு புறமுமாக அமைந்த இரட்டை ஆட்சியை ஆங்கிலேயர் கடல்கடந்து முதலில் நட்டது அங்கேதான். நம் தலைமேல் வளர்ந்து நிற்பது அம்மரத்தின் ஒட்டுக்கிளையே.

1619 ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில், வர்சீனியாவின் சேம்சுடவுனில் ஒரு சிறு கோயிலுக்குள் 22 பேராளர்கள் ஆளுநரோடும் அவர்தம் குழுவினரோடும் கூடி அமர்ந்தனர். அப்பொழுது அந்நாடு ஒரு வணிகக் குழுவின் உடைமை. 1624 இல் அரசன் அதனைத் தன் நேர் ஆட்சியின்கீழ் எடுத்துக்கொண்டான். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடியேற்றங்கள் அவ்வாறே அரசனின் கைக்குள் வந்தன. 1775 இல் இருந்த பதின்மூன்றனுள் எட்டு, அரசனே ஆளுநரை விடுத்த நாடுகள். கனெக்டிகட்டு, உரோடு தீவு ஆகிய இரண்டில் மட்டும் குடிகளே ஆளுநரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டனர்.

வேந்தன் விடுத்த ஆளுநர்க்கு இருந்த அதிகாரத்தைக் கேட்டால் மலைப்பு உண்டாகும். அவையைக் கூட்டலாம், ஒத்திவைக்கலாம், கலைக்கலாம். அது நிறைவேற்றிய சட்டவரைவை ஒரே சொல்லால் வீழ்த்தலாம். நடுவர்களை அமர்த்தலாம். படைக்கும் அவரே தலைவர். நிலக்கொடை வழங்குவதிலும் அவர் கைந்நாட்டு வேண்டும். அவர் ஒப்புதல் தந்த சட்டங்களும் கப்பலேறி இலண்டன் போய்ச் சேர வேண்டும். அங்கே பிரிவி கவுன்சில் எனப்பட்ட அரசனின் மந்தணக் குழு அவற்றைத் துருவி ஆராய்ந்து வேண்டாதவற்றைத் தள்ளிவிடும். குடியேற்றக் காலம் முழுமையும் சேர்த்து அக்குழுவின்முன் போன 8,563 சட்டங்களுள் 469 தள்ளப்பட்டன என்பது ஆய்வாளர் எடுத்த கணக்கு. நூற்றுக்கு ஆறு கூட இல்லை. அவ்வளவு குறைவாகத்தான் தள்ளினார்கள் என்று ஆங்கிலேயச் சார்பினர் இன்றும் பெருமை பேசுவர். தள்ளப்பட்டவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. தள்ளப்படுமோ என்றஞ்சி எழுதப்படாமலே போனவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இத்தனை வலிமையும் படைத்த ஆளுநரை அவையினர் எதைக்கொண்டு எதிர்த்தனர்? படை இல்லை. நயன்மன்றம் அவர்கள் கையில் இல்லை. இலண்டனில் கேட்பாரும் இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு முடிச்சு, பணமுடிச்சு. வரி விதிக்கும் உரிமை குடிகளின் அவைக்கே உரியது என்பதை இங்கிலாந்தின் வழக்கத்திலிருந்தே அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆகவே பெரும்பாலான நாடுகளில் ஆளுநரின் சம்பளமும் அவ்வரிப்பணத்திலிருந்தே வர வேண்டியிருந்தது. அவையினர் அதனை ஓராண்டுக்கு மேல் தருவதில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாள்வரை அதனை நிறுத்திவைப்பர். தங்கள் சட்டவரைவுகளை ஒரு கையால் நீட்டிக்கொண்டு, சம்பளத்தை மற்றொரு கையில் மூடிவைத்திருப்பர். ஆளுநர் எதில் ஒப்பமிட்டார், எதில் ஒப்பமிடவில்லை என்று பார்த்தபின்பே மூடிய கை திறக்கும்.

இதற்கு இழிந்த பேரம் என்று பெயரிட்டு நகைப்பாரும் உளர். குடிகளிடம் வாங்கி உண்பவன் குடிகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பதில் இழிவு யாது?

மாசச்சூசெட்சு நாட்டில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே 1691 ஆம் ஆண்டுப் பட்டயப்படி ஆளுநரை அரசன் அமர்த்துவான். சாமுவேல் சூட்டு என்னும் ஆளுநர் அவையோடு ஓயாமல் மோதி, அவர்கள் தந்த சம்பளம் போதாமலும் பொறுக்காமலும் 1723 இன் தொடக்கத்தில் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கப்பலேறிப் போய்விட்டார். 1728 இல் வில்லியம் பர்னட்டு வந்தார். ஆண்டுக்கு 1,000 இசுடெர்லிங்குப் பவுண்டு நிலையான சம்பளமாக வரையறுத்துச் சட்டஞ் செய்ய வேண்டும் என்னும் அரசாணை அவர் கையில் இருந்தது. அவையினர் அவரை மிகுந்த சிறப்போடு வரவேற்றனர். 1,700 பவுண்டு நாட்டுப் பணத்தை நல்கையாகவும் தந்தனர். பர்னட்டு தொட மறுத்துவிட்டார். நல்கை வேண்டா, நிலைச்சம்பளம் வேண்டும் என்றார். பின்னர் 3,000 பவுண்டு தர முன்வந்தனர். அஃது அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய அவர் கேட்ட 1,000 இசுடெர்லிங்குப் பவுண்டேதான். அதனையும் மறுத்தார்.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டும். கேட்ட தொகை வந்துவிட்டது. ஒரு பவுண்டும் குறையவில்லை. ஆயினும் ஆளுநர் மறுக்கின்றார், அவையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரு திறத்தாரும் போரிட்டது தொகைக்காக அன்று. அடுத்த ஆண்டும் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் ஆளுநர் இருக்க வேண்டுமா, கேளாமலே வரும் நிலையில் இருக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு. பாசுடன் நகர மக்களின் நெருக்குதலே உறுப்பினர்களின் நெஞ்சுரத்திற்குக் கரணியம் என்று கருதிய பர்னட்டு, அவையைப் பாசுடனிலிருந்து பெயர்த்துச் சேலத்திற்கு மாற்றினார். (நம் சேலம் அன்று, அங்கும் ஒரு சேலம் உண்டு.) பின்பு கேம்பிரிட்சுக்கு இழுத்தார். உறுப்பினர்கள் ஊர்விட்டு ஊர் அலைந்தனர், உள்ளம் மாறவில்லை. 1729 ஆம் ஆண்டு கேம்பிரிட்சிலிருந்து பாசுடனுக்குத் திரும்புகையில் வண்டி கவிழ்ந்து நீரில் விழுந்த பர்னட்டு, அதனால் வந்த காய்ச்சலில் மாண்டார். கேட்ட சம்பளம் சாகும் வரை வந்து சேரவில்லை.

அடுத்து நடந்ததுதான் சுவையானது. நிலைச்சம்பளம் தரலாகாது என்னும் தங்கள் வழக்கை இலண்டனில் எடுத்துரைக்க அவையினர் அனுப்பிய ஆள்களுள் யோனாத்தான் பெல்ச்சர் என்பவர் ஒருவர். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த வணிகர். வழக்குரைக்கப் போன அவர் என்ன செய்தார்? பர்னட்டு இறந்த செய்தி கேட்டவுடன் அப்பதவியைத் தமக்கே பெற்றுக்கொண்டார்! 1730 இல் ஆளுநராக வந்திறங்கியபோது அவர் பையிலும் அதே ஆணை: நிலைச்சம்பளம் கேள். எதனை எதிர்க்கப் போனாரோ அதனையே கேட்கத் திரும்பி வந்தார். இத்தகைய பெல்ச்சர்களை நம் நாட்டிலும் நாம் பார்த்ததில்லையா? உரிமை கேட்க வடக்கே போய், பதவியோடு திரும்பி வந்தோர் பட்டியலை வாசகர்கள் தாமே எழுதிக்கொள்வார்களாக. ஆனால் மாசச்சூசெட்சு அவை தன் மண்ணின் மகன் என்பதற்காகப் பெல்ச்சர்க்கும் வளைந்து கொடுக்கவில்லை. கடைசியில் இலண்டன்தான் வளைந்தது. 1735 இல், ஆண்டுக்காண்டு அவை தருவதை வாங்கிக்கொள்ள அவர்க்கு இசைவு தரப்பட்டது.

பிற நாடுகளிலும் இதே கதைதான். நிறம் மட்டும் வேறு. நியூயார்க்கில் கார்ன்பரி என்னும் ஆளுநர் துறைமுகக் காவலுக்கென்று அவை தந்த 1,500 பவுண்டை அவ்வேலைக்குச் செலவிடாமல் தின்றுவிட்டார் என்று எழுந்த சினத்தால், அவை தன் பணத்திற்குத் தானே கருவூலர் அமர்த்தும் உரிமையைப் பெற்றது. அவர் பதவியிழந்தவுடன் கடன்காரர்கள் அவரைச் சிறைப்படுத்தினர். அதே நியூயார்க்கில் பின்வந்த காசுபி, சம்பளப் பூசலில் தமக்கு மாறாகக் கருத்துரைத்த தலைமை நடுவரையே பதவி நீக்கினார். அதனைக் கண்டித்து எழுதிய இதழை அச்சிட்ட யோன் பீட்டர் செங்கரைச் சிறையிலிட்டார். 1735 இல் முறைகாண் ஆயத்தார் செங்கரைக் குற்றமற்றவர் என்று விடுத்தனர். அச்சகத்தார்க்கும் இதழாளர்க்கும் அவ்வழக்கு இன்றும் ஒரு கைவிளக்கு.

வர்சீனியாவிலோ, ஆளுநர் என்று பெயர் தாங்கியவர் அந்நாட்டுப் பக்கம் வராமலே சம்பளம் வாங்கினார். ஆர்க்கினிப் பெருமகன் 1737 இல் இறக்கும் வரை பல்லாண்டுகள் அப்பதவியில் இருந்தார். வர்சீனிய மண்ணில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. வேலைக்குத் துணை ஆளுநர் ஒருவர். அத்தகைய துணை ஆளுநர்களுள் ஒருவரான தின்விடி, நிலப் பட்டயம் ஒவ்வொன்றிற்கும் முத்திரையிட ஒரு பிசுதோல் பொற்காசு கட்டணம் என்று தாமாகவே விதித்தார். ஒரே ஒரு காசுதான். ஆனால் பேராளர் அவை 1753 இல் அதனை வரி என்றே கண்டது. எங்கள் ஒப்புதல் இல்லாமல் வரி ஏது என்று எழுந்தது. 2,500 பவுண்டு செலவுக்குத் தந்து தன் வழக்குரைஞரை இலண்டனுக்கு விடுத்தது. ஒரு காசுக்கு எதிராக இரண்டாயிரத்தைந்நூறு பவுண்டு! கஞ்சர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். உரிமையின் விலை தெரிந்தவர்கள் செய்வார்கள். இலண்டன் ஆளுநர்க்கே கட்டணத்தை உறுதி செய்தது. ஆயினும் 100 ஏக்கருக்குக் குறைந்த நிலத்திற்கும் மலைக்கு மேற்கேயுள்ள நிலத்திற்கும் விலக்குத் தந்தது.

இத்தனைக்கும் ஆளுநரும் அவையினரும் ஒரே ஆங்கிலம் பேசியவர்கள். பெரும்பாலும் ஒரே குருதி. அதே சட்டநூல், அதே மறைநூல். மொழியால் அயலாரல்லாத ஆளுநரையே, தம்மால் அமர்த்தப்படாதவர் என்னும் ஒரே கரணியத்தால் அவர்கள் அயலாராகக் கண்டனர். மொழியும் வேறு, இனமும் வேறு, வரலாறும் வேறாகிய மக்கள்மேல் அப்பதவி வந்து அமர்ந்தால் அம்மக்கள் எப்படிக் காண வேண்டும்?

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. குடிகளின் அவை, குடிகளின் அவை என்று நாம் எழுதிக்கொண்டு வந்தோமே, அக்குடிகள் யார்? நிலமும் உடைமையும் உள்ள வெள்ளை ஆடவர். பெண்டிர்க்கு வாக்கில்லை. மண்ணின் முதல் மக்களுக்கு அவ்வவையில் இடமே இல்லை. அவர்கள் நிலத்தைப் பறிப்பதில் ஆளுநரும் அவையும் கைகோத்தே நின்றனர். தின்விடிக்கு எதிராக வீறுகொண்டெழுந்த அதே வர்சீனிய அவைதான் 1705 இல் கறுப்பின மக்களை உடைமைப் பொருளாக்கிச் சட்டம் செய்தது. 1775 நவம்பரில் அந்நாட்டின் கடைசி ஆளுநர் தன்மோர், அரசனை எதிர்ப்போரின் அடிமைகள் தம் பக்கம் வந்து படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அவரை நல்லவர் என்று எவரும் கொள்ள வேண்டா. அவரே அடிமைகளை வைத்திருந்தவர். படைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆயினும் அந்த அறிவிப்பைக் கேட்டு ஓடிவந்த மாந்தர்க்கு அவையைவிட ஆளுநரே மேலாகத் தெரிந்திருப்பார் என்பதில் வியப்பில்லை. நமக்கும் இத்தகைய முரண் புதிதன்று. 1938 இல் இந்தியைக் கட்டாயமாக்கியது தேர்ந்தெடுக்கப்பட்ட இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை. 1940 பிப்ரவரியில் அக்கட்டாயத்தை நீக்கியது வெள்ளை ஆளுநர் எர்சுகினின் ஆட்சி. தேர்ந்த அவை தன் மக்களுள் ஒரு பகுதியினர்க்கு மாறாகத் திரும்பும்போது, அமர்த்தப்பட்டவர் அருளாளராக வேடம் புனைய வாய்ப்புக் கிடைத்துவிடுகின்றது. அவையை எல்லார்க்கும் உரியதாக்குவதே அதற்கு மருந்து, ஆளுநரை வைத்துக்கொள்வதன்று.

அமெரிக்கக் கதையின் முடிவுக்கு வருவோம். அவையின் வலிமை எங்கேயிருக்கின்றது என்பதை இலண்டன் பிந்தித்தான் உணர்ந்தது. உணர்ந்தவுடன் அவ்விடத்திலேயே வெட்டியது. 1767 இல் தவுன்சென்டு கொண்டுவந்த வரிகளின் நோக்கங்களுள் ஒன்று, குடியேற்றங்களின் ஆளுநர்க்கும் நடுவர்க்கும் சுங்கப் பணத்திலிருந்தே சம்பளம் தருவது. இனி அவர்கள் அவையிடம் கையேந்த வேண்டா. 1768 இல் மாசச்சூசெட்சு அவை அவ்வரிகளை எதிர்த்துப் பிற நாடுகளுக்குச் சுற்றுமடல் விடுத்தது. அதனைத் திரும்பப் பெறுக என்று ஆணை வந்தபோது 92 பேர் மறுத்தனர். 17 பேரே இசைந்தனர். அவை கலைக்கப்பட்டது. 1772 இல் ஆளுநர் அட்சின்சன் தம் சம்பளம் இனி அரசனிடமிருந்தே வரும் என்று அறிவித்தார். நடுவர்க்கும் அவ்வாறே என்று செய்தி வந்தது. கருதிப் பாருங்கள்! ஆளுநரின் செலவைக் குடிகளின் அவை தரவேண்டியதில்லை என்கின்றனர். செலவு மிச்சம் என்று மகிழ்ந்திருக்கலாம் அல்லவா? அவ்வாண்டு நவம்பரிலேயே பாசுடன் மக்கள் கூடி, ஊர்தோறும் மடல் எழுதி உரிமையைக் காக்கும் தொடர்புக்குழுவை அமைத்தனர். புரட்சியின் முதல் வலைப்பின்னல் அதுவே.

1774 சூனில் படைத்தலைவர் கேச்சு ஆளுநராக இருந்தபோது, அவை மீண்டும் அதே சேலத்தில் கூட்டப்பட்டது. உறுப்பினர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு, பிலடெல்பியாவில் கூடவிருந்த பொது மாநாட்டிற்குத் தம் பேராளர் ஐவரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தனர். அவையைக் கலைக்கும் ஆணையோடு ஓடிவந்த ஆளுநரின் செயலர்க்குக் கதவு திறக்கவில்லை. படிக்கட்டில் நின்றவாறே அவ்வாணையைப் படித்துவிட்டுப் போனார். உள்ளே தேர்தல் முடிந்திருந்தது. ஈராண்டு கழித்து வெளிவந்த விடுதலை அறிக்கை அரசன்மேல் சுமத்திய குற்றங்களுள், அவைகளை வேற்றூர்க்கு இழுத்தடித்ததும், கலைத்ததும், நடுவர் சம்பளத்தைத் தன் கைப்பிடிக்குள் வைத்ததும், ஆளுநர்களைக்கொண்டு சட்டங்களை முடக்கியதும் இடம்பெற்றன. விடுதலை பெற்றவுடன் வர்சீனியா தன் ஆளுநரை ஆண்டுக்கொரு முறை அவையே தேர்ந்தெடுக்க வைத்து, சட்டத்தைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. பென்சில்வேனியா அப்பதவியையே ஒழித்துக் குழுவாட்சி அமைத்தது.

இனி நம் செய்தி. 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தை இங்கிலாந்தின் நாடாளுமன்றம் செய்தபோது அமெரிக்காவில் பட்ட அடியை மறக்கவில்லை. மாகாண ஆளுநரின் சம்பளம் மாகாண வருவாயின்மேல் நேரே சுமத்தப்பட்ட செலவு. அதன்மேல் அவை வாக்களிக்கவியலாது. அதுபற்றி அவையில் பேசவும் கூடாது என்று எழுதிவைத்தனர். பர்னட்டு கேட்டுக் கிடைக்காததை இங்கே கேளாமலே வைத்துக்கொண்டனர். சட்டவரைவு வந்தால் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், மேலிடத்திற்கு ஒதுக்கிவைக்கலாம் என்னும் மூன்று வழிகளும் அச்சட்டத்தின் 75 ஆம் பிரிவில் உண்டு.

வெள்ளையன் போனபின் வந்த இந்திய அரசமைப்பைப் பாருங்கள். அம்மூன்று வழிகளும் 200 ஆம் உறுப்பில் உள்ளன. ஆளுநரின் சம்பளம் மாநிலத் தொகுநிதியின்மேல் சுமத்தப்பட்ட செலவு என்று 202 ஆம் உறுப்பு கூறுகின்றது. அதன்மேல் வாக்கெடுப்பு இல்லை என்று 203 ஆம் உறுப்பு கூறுகின்றது. பேசலாமாம், அவ்வளவுதான் 1935 இலிருந்து நாம் முன்னேறிய தொலைவு. தொகையை வரையறுப்பது தில்லி நாடாளுமன்றம். பதவிக்காலத்தில் அதனைக் குறைக்கக்கூடாது என்று 158 ஆம் உறுப்பு காவல் நிற்கின்றது. முதலில், 1947 இல், மாநில மக்களே ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் அரசமைப்பு அவையினர் முடிவு செய்திருந்தனர். 1949 மேத் திங்களில் அதனைக் கைவிட்டுத் தில்லி அமர்த்துவது என்று மாற்றிக்கொண்டனர். அமெரிக்கக் குடியேற்றத்தார்க்கு ஆளுநர் அயலவர், பணமுடிச்சு தம்முடையது. நமக்கோ இரண்டும் போயிற்று.

அதன் பயனை அண்மையிலும் நுகர்ந்தோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய பத்துச் சட்டவரைவுகள் ஆளுநர் மாளிகையில் முடங்கின. திருப்பி அனுப்பப்பட்டு 2023 நவம்பரில் மீண்டும் நிறைவேற்றப்பட்டபின், குடியரசுத் தலைவர்க்கென்று ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்பிரல் 8 இல் தில்லி உச்ச நயன்மன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்தபோது நம்மவர் இனிப்பு வழங்கினர். அவ்வாண்டு நவம்பர் 20 இல் அதே மன்றத்தின் ஐவர் ஆயம், குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்கு விடையாக, ஆளுநர்க்குக் கால எல்லை வரையறுக்க நயன்மன்றத்தால் ஆகாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் ஆகாது என்று கருத்துரைத்தது. கரணியமின்றி நெடுங்காலம் முடக்கிவைத்தால் மட்டும், முடிவெடுக்குமாறு ஓரளவு ஆணையிடலாமாம். நயன்மன்றத்தில் கிடைத்தது நயன்மன்றத்திலேயே கரைந்தது.

மாநிலங்களின் உரிமைக்கென்று 1969 இல் தமிழ்நாட்டரசு அமைத்த இராசமன்னார் குழு 1971 இல் தன் அறிக்கையைத் தந்தது. அதற்குப் பின்னும் குழுக்கள் வந்தன, அறிக்கைகள் வந்தன. ஆளுநர் பதவியை ஒழிக்க வேண்டும் என்பதே நம் கொள்கை, அதில் மாற்றமில்லை. ஆனால் ஒழிக்கும் நாள்வரை வாளாவிருக்க வேண்டுமா? ஆளுநரின் சம்பளத்தையும் மாளிகைச் செலவையும் ஆண்டுதோறும் சட்டமன்ற வாக்குக்கு உட்படுத்தும் வகையில் 202, 203 ஆம் உறுப்புகளைத் திருத்த வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்பட்டும். பிற மாநில அவைகளுக்கும் ஒரு சுற்றுமடல் விடுக்கட்டும். மாசச்சூசெட்சார் 1768 இல் விடுத்ததுபோல. அதுவரை, ஒவ்வோராண்டும் வரவுசெலவுத் திட்டம் வரும் நாளில் அச்செலவு அச்சாகியிருக்கும் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் பேசட்டும். பேசுவதற்கு மட்டும் 203 ஆம் உறுப்பு இடந்தந்திருக்கின்றது. அந்த ஒன்றையாவது நம் உறுப்பினர்கள் இதுவரை முழுமையாகப் பயன்படுத்தினார்களா என்று, வாக்குக் கேட்டு வரும்போது அவர்களைக் கேளுங்கள்.